ஏற்காடு பனியில ரெண்டு வருஷமா ஓடுற ட்ரெயில் கேமரா

நாகலூர் ரோட்டுப் பக்கம் சின்னதா காப்பித் தோட்டமும் ஒரு வீடும் இருக்கு, நாங்க இருக்குறது சேலத்துல, வாரக் கடைசில தான் மேல போவோம். ஒருநாள் வேலி ஓரத்துல பெருசா சாணி கெடந்துச்சு, மாடு யாரும் வளக்கல. அந்த ஆர்வத்துல வாங்குனது தான் இந்த ட்ரெயில் கேமரா, மரத்துல கட்டி வச்சுட்டா மிருகம் வர்றப்போ தானா படம் எடுக்கும்.

உள்ள இருக்குறது பிஐஆர் சென்சார், அசையுற சூட்ட கண்டா க்ளிக் பண்ணும். மொத மாசம் அதுலயே ஏமாந்தேன். சில்வர் ஓக் மரத்துல கெழக்க பாக்க கட்டிட்டேன், வெயில்ல சூடான எல காத்துல ஆடுனாலும் படம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து கார்ட போட்டு பாத்தா பூரா எல தாங்க! வடக்க பாக்க திருப்பி முன்னாடி செடிய கவாத்து பண்ணப்புறம் தான் அடங்குச்சு.

பெரிய தொல்லை பனி. ராத்திரி எறங்குச்சுன்னா இன்ஃப்ராரெட் வெளிச்சம் பனியிலயே பட்டு திரும்பிடுது, வேட்டி காயப்போட்ட மாதிரி வெறும் வெள்ளை. கடைசியா ஒத்தையடிப் பாதைக்கு மூணு மீட்டர் கிட்டத்துல, முழங்கால் ஒயரத்துல கட்டுனேன், நடுவுல பனி கம்மியாச்சு, படம் விழுந்துச்சு. என்ன படம்னா நாலு காலு! காட்டெருமைக்கு ஒடம்பு கருப்பு, முழங்காலுக்கு கீழ வெள்ளை இல்லயா, இருட்டுல அந்த வெள்ளைக் காலு மட்டும் தனியா நடந்து போவுது. தோட்டத்து பெரியவர்ட்ட காமிச்சா, "ஒத்தையா திரியுது தம்பி, போட்டோ எடுக்கறேன்னு நீங்க கிட்ட போயிடாதீங்க"ன்னாரு. போவேனா?

மார்கழில காப்பி பழுத்தா மரநாய் வரும், நல்லா பழுத்ததா பாத்து தின்னுட்டு காலைல பாறை மேல கொட்டைய மட்டும் கழிச்சு வச்சிருக்கும். முள்ளம்பன்றி ரெண்டு தடவை மாட்டுச்சு.

பேட்டரி எட்டு டபுள் ஏ. ரீசார்ஜ் பண்றது 1.2 வோல்ட் தானே, என் கேமராவுல ராத்திரி ஃப்ளாஷ் மங்குது. லித்தியம் வெல ஜாஸ்தி, ஆனா குளிர் தாங்குது.

இப்போ மூடில இருக்குற ரப்பர் தளந்து போச்சு, தொறந்தா உள்ள எறும்பு முட்டை. அந்த சைஸ் ரப்பர் செவ்வாய்ப்பேட்டைல கெடைக்குதான்னு மழைக்கு முன்னாடி பாக்கணும்.