எக்ஸ்பல்ஸ் 200 முன் ஃபோர்க்: 41,000 கிலோமீட்டர் அனுபவம்

2020 பிப்ரவரியில் எடுத்த என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் இப்போது 41,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வார நாளில் அல்சூரிலிருந்து வேலைக்கு, மாதத்தில் இரண்டு ஞாயிறு மண் பாதைக்கு. அம்மா வழிச் சொந்தமெல்லாம் கோலார் தங்கவயலில் இருப்பதால் அந்தப் பக்கம்தான் அதிகம் போவேன். ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஹொஸ்கோட்டை, கோலார், அங்கிருந்து பங்காருப்பேட்டை தாண்டினால் ஏரிக்கரையும் பாறைக்காடும்தான். இஞ்சின், மைலேஜ் பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. இந்த வண்டியில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சியைத் தாங்கும் இரட்டைக் குழாய். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

37 மி.மீ. குழாய், 190 மி.மீ. டிராவல் (ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தத் தூரம்), 21 அங்குலச் சக்கரம். வெளியிலிருந்து திருகிச் சரிசெய்ய ஒன்றும் கிடையாது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஆயிலின் கெட்டித்தன்மையை மாற்றலாம், உள்ளே ஆயில் நிற்கும் மட்டத்தை மாற்றலாம், ஸ்பிரிங்கையோ அதன் மேல் உட்காரும் ஸ்பேசரையோ மாற்றலாம். இவ்வளவுதான் நம் கையில் இருப்பது.

முதல் பதினான்காயிரம் கிலோமீட்டர் வரை நான் ஃபோர்க்கைத் தொடவே இல்லை. செயினுக்கு ஆயில் போடுவேன், ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வேன். ஃபோர்க் மட்டும் தானாக வேலை செய்யும் என்ற நினைப்பு. அது ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை என்பதுதான் சிக்கல். ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, நம் கையும் அதற்குப் பழகிக்கொள்கிறது. ஒரு மழைக்கால ஞாயிறு, ஏரிக்கரைக் களிமண் குழாயில் அப்பியபடியே வண்டியை நிறுத்தி ஒரு வாரம் விட்டுவிட்டேன். காய்ந்த மண், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதட்டை அறுத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை பார்த்தால் பிரேக் டிஸ்க் இருக்கும் பக்கக் குழாயில் எண்ணெய் வளையம், காலிப்பருக்கு மேலே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிரேக் பேடில் எண்ணெய் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்றும் வயிறு கலங்குகிறது.

நகரில் ஒரு பட்டறையில் விட்டேன். சீல் மாற்றினார்கள். பிரேக் பிடித்தால் முன்பக்கம் ரொம்ப இறங்குகிறது என்று நான் சொன்னதால் கெட்டியான 15 டபிள்யூ ஆயில் ஊற்றினார்கள். இறங்குவது குறைந்தது உண்மை. ஆனால் கற்கள் நிறைந்த பாதையில் மணிக்கட்டு அரைமணி நேரத்தில் மரத்துப் போனது. ஹேண்டில் லேசாக ஒரு பக்கம் இழுப்பது போலவும் இருந்தது. நான் டயரைச் சந்தேகப்பட்டேன், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டைச் சந்தேகப்பட்டேன்.

விஷயம் தெரிந்தது ஜீவன்பீமா நகரில் தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம். அவரும் தங்கவயல்காரர், அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்த குடும்பம். ஃபோர்க்கின் இரண்டு காலையும் (இரண்டு பக்கக் குழாய்களையும்) கழற்றி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை அடிவரை அமுக்கி நிமிர்த்தி நிறுத்தினார். மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் வரை ஸ்டீல் ஸ்கேலை இறக்கினார். இடது பக்கம் 138 மி.மீ., வலது பக்கம் 121.

“ஒவ்வொரு கால்லயும் ஒவ்வொரு அளவு இருந்தா வண்டி எப்படி தம்பி நேரா போகும்? ஜாடியில அளந்து ஊத்தினா கணக்கு வராது. உள்ள பழைய எண்ணெய் ஒட்டிக்கிட்டு நிக்கும். ஸ்கேல் வச்சுப் பாக்கணும்.”

அன்றைக்குத்தான் எனக்கு ஃபோர்க் புரிய ஆரம்பித்தது. எண்ணெய்க்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஃபோர்க் அமுங்க அமுங்கக் காற்று இறுகி, கடைசிப் பகுதியில் பலமாக எதிர்க்கும். மட்டம் ஏறினால் காற்றுக்கு இடம் குறையும், அடிக்கும் முன் தாங்கும். ஆரம்ப மென்மை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நான் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். கெட்டி ஆயிலால் நடப்பது வேறு. இந்த வகை ஃபோர்க்கில் எண்ணெய் மாறாத அளவுள்ள துளைகள் வழியே போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக இறங்கும், அங்கே கெட்டி ஆயில் கொஞ்சம் உதவும். கூரான கல்லில் சக்கரம் மோதும்போது குழாய் வேகமாக அமுங்க வேண்டும், அங்கே அதே ஆயில் சுவர் மாதிரி நிற்கும். அந்த அடி மொத்தமும் கைக்கு வரும்.

மேனுவல் சொல்லும் ஆயிலுக்கே திரும்பினேன். மட்டத்தை மட்டும் மேனுவல் அளவிலிருந்து 10 மி.மீ. உயர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைத்தோம். வெளியே வந்த ஆயிலை நான் மறக்கமாட்டேன். சாம்பல் நிறம், வெயிலில் பிடித்தால் அலுமினியப் பொடி போல மினுமினுப்பு, கெட்ட மீன் நாற்றம். பெங்களூர் வரும் வழியெல்லாம் இந்தச் சேற்றை நம்பித்தான் நான் பிரேக் பிடித்திருக்கிறேன். ஆயில், இரண்டு ஜோடி சீல், அடிபோல்ட்டுக்குச் செப்பு வாஷர் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து எழுநூறு, கூலி எண்ணூறு.

அப்புறம் சாக். வண்டியில் நாம் ஏறியதும் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு. எனக்கு 86 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை சேர்த்தால் இன்னும் ஏழெட்டு கிலோ. இஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, சீலிலிருந்து மேல் கிளாம்ப் வரை முதலில் அளக்க வேண்டும். பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி, கால் வைக்கும் பெக்கில் நின்றபடி இரண்டு தடவை அளக்க வேண்டும்: ஃபோர்க்கை அமுக்கி மெதுவாக விட்டு ஒன்று, தூக்கி மெதுவாக விட்டு ஒன்று. இரண்டின் சராசரிதான் சாக். அளக்க இன்னொரு ஆள் வேண்டும், எனக்கு என் தங்கை பிடித்தாள். மொத்த டிராவலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. எனக்கு வந்தது 78 மி.மீ., அதாவது 41 சதவீதம். கல்லில் ஏறும் முன்பே ஐந்தில் இரண்டு பங்கு டிராவலைச் செலவழித்துவிட்டுத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். லேத்தில் 15 மி.மீ. ஸ்பேசர் இரண்டு வெட்டி வைத்ததும் 63-க்கு வந்தது. ஸ்பேசர் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, அது நிற்கும் இடத்தைத்தான் மாற்றும். என்னைவிட கனமானவர்கள் கடின ஸ்பிரிங்கே போட வேண்டியிருக்கும்.

சாக் பார்க்க எடுத்த அந்த இரண்டு அளவுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம்தான் எனக்குப் பெரிய பாடம். 19 மி.மீ. இருந்தது. ஃபோர்க் உராய்ந்து உராய்ந்து பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். காரணம், டயர் பஞ்சர் போட்டபோது ஆக்சிலை அவசரமாக இறுக்கியதில் இரண்டு கால்களும் இணையாக இல்லாமல் இழுபட்டு நின்றிருந்தன. ஆக்சில் கிளாம்பைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பத்துத் தடவை அமுக்கி, கால்கள் தானாக ஒழுங்கில் வந்த பிறகு இறுக்கினேன். 7 மி.மீ. ஆகிவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

250 மி.மீ. டிராவல் தரும் ராலி கிட்டையும் யோசித்தேன். அளந்து சரிசெய்த பிறகு எனக்குத் தேவைப்படவில்லை, என் உயரத்துக்கு, அதனால் உயர்ந்துவிடும் இருக்கையிலிருந்து தரையில் காலூன்றுவதும் கஷ்டம். வேகமாகத் தாவி ஓட்டுகிறவர்களுக்கு அது நல்ல பொருள். 2015 டாக்கார் ராலிப் பந்தயத்தை ஓடி முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷின் பிக் ராக் டர்ட் பார்க் கோலார் அருகில்தான் இருக்கிறது. நான் நின்று ஓட்டப் பழகியது அங்கேதான்.

34,000-இல் மூன்றாவது சர்வீஸை மொட்டைமாடியில் நானே செய்தேன். அடிபோல்ட்டைத் திருகினால் உள்ளே இருக்கும் டேம்பர் ராடும் சேர்ந்தே சுற்றுகிறது. ஒரு மணி நேரம் போராடிய பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். “ஸ்பிரிங்கைப் போட்டு மூடியை இறுக்கு, ஃபோர்க்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் திருகு” என்றார். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ராட் நின்றது, போல்ட் கழன்றது. குழாயில் கல் பட்டு ஒரு சின்ன முள் எழும்பியிருந்தது, விரலால் தடவினால்தான் தெரியும். 1500 நம்பர் எமரித்தாளை எண்ணெயில் நனைத்துத் தேய்த்து மழுக்கினேன். அதை விட்டிருந்தால் புதுச் சீலும் ஒரு மாதத்தில் போயிருக்கும்.

லேசான கசிவென்றால் உடனே சீலை மாற்ற வேண்டியதில்லை. மேலே இருக்கும் டஸ்ட் சீலைக் குழாயில் மேலே ஏற்றிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொக்கி மாதிரி வெட்டி, ஆயில் சீலின் உதட்டுக்குள் விட்டு ஒரு சுற்று இழுத்தால் மண் துகள் வந்துவிடும். இரண்டு முறை எனக்குக் கசிவு நின்றிருக்கிறது.

ஒன்று மட்டும். தங்கவயல் சயனைடு மேடுகளில் (தங்கம் பிரித்த பின் கொட்டிய சுரங்கக் கழிவுக் குன்றுகள்) இப்போது நான் ஓட்டுவதில்லை. மாவு போன்ற அந்தத் தூசு எந்தச் சீலையும் தாண்டும் என்பது ஒரு காரணம். காற்று அடிக்கும் மாதங்களில் அது போய் விழுவது என் மாமா வீட்டுக் கூரையிலும் அந்தக் குடியிருப்புகளிலும்தான். சக்கரத்தால் அதைக் கிளப்பிவிட எனக்கு மனசு வரவில்லை.

குழாயில் ஒரு கேபிள் டை எப்போதும் கட்டியிருக்கிறேன். ஃபோர்க் அமுங்கும்போது சீல் அதை மேலே தள்ளும், அது நின்ற இடம்தான் அன்றைக்கு எட்டிய ஆழம். போன ஞாயிறு பங்காருப்பேட்டை தாண்டி ஒரு வறண்ட ஓடையில் நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து அளந்தேன். 174 மி.மீ.