சாட்ஸ்வொர்த்தில் வாங்கிய யூரின் ஸ்ட்ரிப்: பொருள் சரி, கூட வரும் தாள் போதாது

அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு (டர்பன் தமிழ்க் குடும்பங்களில் இது இல்லாத வீடு எது?), அதனால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று வீட்டிலேயே பார்க்க சாட்ஸ்வொர்த்தில் ஒரு மருந்துக்கடையில் இந்த ஸ்ட்ரிப் டப்பாவை வாங்கினேன். பயன்படுத்துவது சுலபம். காலையில் முதல் சிறுநீரில் முக்கி எடுத்து, ஓரத்தைத் துடைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ஆனதும் வண்ணப் பட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் சரி, பச்சையாக மாறினால் புரதம். பட்டையில் 'லேசாக' என்ற அளவுக்கும் ஒரு பிளஸ்ஸுக்கும் நடுவில் ஒரு பச்சை வருகிறது பாருங்கள், அதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்டுபிடிக்கவே முடியாது, ஜன்னல் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும்.

என் குறை அந்தத் தாளின்மேல்தான். 'பாசிட்டிவ் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்' என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். ஏன் என்று சொல்லாததால், பச்சையைப் பார்த்ததும் எங்கள் அத்தை, "புரதம் வெளியே போகுதுன்னா ரெண்டு முட்டை கூடச் சாப்பிடச் சொல்லு" என்கிறார். அப்படிச் செய்தால் இரத்தத்தை வடிக்கும் சிறுநீரக வடிகட்டிக்கு வேலைதான் கூடும். புரதம் போய்விடுகிறதே என்பதைவிட, போகிற வழியில் அது என்ன செய்கிறது என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

நல்ல வடிகட்டி, இரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமினைப் பெரும்பாலும் இரத்தத்திலேயே நிறுத்திவிடும். தப்பி இறங்கும் கொஞ்சத்தை வடிகட்டிக்கு அடுத்துள்ள மெல்லிய குழாயான அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் மெகாலின், குபிலின் என்ற ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுத்து, லைசோசோம் என்ற செல்லின் செரிமானப் பையில் அமினோ அமிலங்களாக உடைத்துவிடுகின்றன. அதனால்தான் ஆரோக்கியமானவருக்கு ஒரு நாளில் 150 மில்லிகிராமுக்குக் குறைவாகவே புரதம் வெளியேறுகிறது. வடிகட்டி ஓட்டையானால் அதே செல்கள் ஓய்வே இல்லாமல் இழுத்துக்கொண்டிருக்க, லைசோசோம் வீங்கிக் கிழிந்து உள்ளிருக்கும் நொதிகள் செல்லுக்குள்ளேயே கசிகின்றன, ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறுகிறது, செல் எம்சிபி-1 போன்ற சமிக்ஞைகளை வெளிவிட்டு வெள்ளையணுக்களைக் கூப்பிடுகிறது, அப்புறம் டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சமிக்ஞையின் தூண்டலில் சுற்றிலும் நார்த்திசு படிந்து நுண்குழலே சுருங்கிப்போகிறது. இதெல்லாம் பெரும்பாலும் செல்களிலும் எலிகளிலும் செய்த சோதனைகளில் தெரிந்தது. ஆனால் மனிதர்களின் பயாப்ஸியிலும், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதோடு வடிகட்டியின் சேதத்தைவிட இந்த நுண்குழல் பக்கத்துச் சேதம்தான் நன்றாக ஒத்துப்போகிறது. ஏசிஇ தடுப்பான், ஏஆர்பி மாதிரி பிரஷர் மாத்திரைகளைச் சிலருக்குப் பிரஷர் பெரிதாக இல்லாதபோதும் எழுதித் தருவதற்குக் காரணம், அவை இந்தக் கசிவையும் குறைக்கும் என்பதுதான். இதில் நான்கு வரி அந்தத் தாளில் இருந்தால் அத்தையின் முட்டை வைத்தியம் வந்தேயிருக்காது.

மஞ்சளாகவே இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். ஒரு பிளஸ் என்பது ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். சர்க்கரைக்காரர்களுக்கு ஆரம்பத்தில் வரும் கசிவு அதற்கும் கீழே இருக்கும், அதை லேபில் எடுக்கும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம்தான் பிடிக்கும். 3 மில்லிகிராம்/மில்லிமோல் தாண்டினாலே கவனிக்க வேண்டும், சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது எடுக்க வேண்டும். மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் வரும் லைட் செயின் என்ற புரதத்தை இந்த ஸ்ட்ரிப் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. இன்னொரு பக்கம், காய்ச்சல் வந்தாலும் பச்சை காட்டும், காம்ரேட்ஸ் மாரத்தானுக்காக நீண்ட தூரம் ஓடிவிட்டு வந்து பார்த்தாலும் காட்டும், இரண்டுமே தற்காலிகம். தண்ணீர் அதிகம் குடித்திருந்தால் உண்மையான புரதமே நீர்த்துப்போய்த் தெரியாமல் போகும்.

5க்கு 3 கொடுப்பேன். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் லேபுக்குப் போகிற நாட்களுக்கு இடையில் ஒரு கண் வைத்துக்கொள்ள வாங்கலாம், லேபுக்குப் பதிலாக வேண்டாம். பத்துச் சோதனைக் கட்டம் உள்ள ஸ்ட்ரிப்பைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார், வீட்டில் அவ்வளவு தேவையில்லை. காலாவதித் தேதியைக் கடையிலேயே பாருங்கள், டர்பன் ஈரக்காற்றில் மூடியைத் திறந்து வைத்தால் கட்டங்கள் கெட்டுவிடும், குளியலறையில் வைக்கவே வேண்டாம்.