அடுத்தவர் கார்டில் பெயரா, சொந்தக் கார்டா?

அமெரிக்காவில் கிரெடிட் ஹிஸ்டரியே (கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறு) இல்லாதவருக்கு இரண்டு வழி சொல்வார்கள்: கணவரோ அம்மாவோ வைத்திருக்கும் கார்டில் 'ஆத்தரைஸ்டு யூசர்' (அந்தக் கார்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்) ஆகச் சேர்வது, அல்லது டெபாசிட் கட்டிச் சொந்தமாக ஒரு செக்யூர்டு கார்டு வாங்குவது.

முதலாவது வேகமானது. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோக்களுக்கு வங்கி உங்கள் பெயரிலும் தகவல் அனுப்பினால், 10 வருடப் பழைய கணக்கு அப்படியே உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் வந்து உட்காரும். (எல்லா வங்கியும் அனுப்புவதில்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.) கடனைக் கட்டும் பொறுப்பும் பொதுவாக உங்களுக்கு இல்லை. ஆனால் 10,000 டாலர் லிமிட்டில் கார்டுக்காரர் 8,500 தேய்த்து வைத்திருந்தால், அந்த 85 சதவீதம் உங்கள் கிரெடிட் ஸ்கோரையும் (கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்று மதிப்பிடும் எண்) கீழே இழுக்கும். சரி, பெயரை எடுக்கச் சொல்லலாம். கூடவே அந்தப் பழைய வரலாறும் பெரும்பாலும் போய்விடும்.

செக்யூர்டு கார்டு ஆமை வேகம். 200 டாலர் கட்டினால் பெரும்பாலும் 200 டாலர்தான் லிமிட். ஃபைகோ ஸ்கோர் (அங்கே பரவலாகப் பார்க்கப்படும் கிரெடிட் ஸ்கோர்) வரவே 6 மாதம் ஆகும். 30 நாள் தாமதித்தால் அந்தக் கறை 7 வருடம் நிற்கும். ஆனாலும் மாதாமாதம் கட்டியது நீங்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அம்மா கணக்கில் கறார் என்றால் இரண்டையும் செய்வேன். இல்லையென்றால் செக்யூர்டு கார்டு மட்டும்.