நவரத்தினமா, நாகரத்தினமா?
அதியமானின் தகடூரில் நடக்கும் பகடைக் கதையாட்டத்துக்கு (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்), தருமபுரி நண்பர்கள் எந்த மந்திரக் கல்லை எடுக்கலாம்?

நவரத்தினத்தில் விதிகள் தயார்: மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, கோமேதகம் ராகுவுக்கு. எனக்குப் பிடித்தது நீலம். சனியின் கல்; தூக்கியும் விடும், கவிழ்த்தும் விடும் என்று பயந்து, தலையணைக்கடியில் வைத்துப் பார்த்த பிறகே அணிவார்கள். அந்த ராத்திரி என்ன ஆகுமென்று முடிவு செய்ய இருபது முகப் பகடை ஒன்று போதும். ஆனால் ஒன்பதையும் நினைவில் வைக்க ஆட்டத்தை நடத்துபவருக்கே அட்டவணை வேண்டும்.

நாகரத்தினத்துக்கு அது வேண்டாம். கிழட்டு நாகம் கல்லைக் கக்கி, அந்த வெளிச்சத்தில் இரை தேடுமாம்; சாணியைப் போட்டு ஒளியை மறைத்தால் கல் நமக்கு. (நிஜப் பாம்பிடம் கல்லெல்லாம் கிடையாது.) ஒகேனக்கல் பாறை இடுக்கு, சாணிக்கூடை, யார் முதலில் போவதென்று சண்டை: ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு இதுதான். மாதக்கணக்கில் ஓடுவதென்றால் நவரத்தினம்.