கதை முடியாமல் கதவு திறக்காது: ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் ஐந்து வருடம்

2020 செப்டம்பரில் தொடங்கினேன். வீட்டிலிருந்தே வேலை, வெளியே போக வழியில்லை, கையில் சுமாரான ஒரு லேப்டாப். ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் கேமின் இலவச டிரையலை அதற்கு முந்தைய மாதம்தான் பெரிதாக்கியிருந்தார்கள். முதல் கதையும் ஹெவன்ஸ்வார்ட் என்ற எக்ஸ்பான்ஷனும் (கேமுக்குப் பின்னால் வரும் பெரிய தொடர்ச்சி) சேர்த்து லெவல் 60 வரை, நாள் கணக்கே இல்லாமல் ஆடலாம். காசு கேட்காதவரை நல்லதுதான் என்று டவுன்லோடு போட்டேன். அப்புறம் சந்தா கட்டி, நிறுத்தி, மறுபடி கட்டி, 2024-இல் வந்த டான்டிரெயில் எக்ஸ்பான்ஷன் வரை வந்து சேர்ந்திருக்கிறேன்.

சண்டை எப்படி, இசை எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது கட்டாயக் கதையைப் பற்றி மட்டும். மெயின் சினாரியோ குவெஸ்ட் என்று பெயர் (குவெஸ்ட் என்றால் கேம் நமக்குக் கொடுக்கும் வேலை), ஆடுகிறவர்கள் எம்.எஸ்.க்யூ என்பார்கள். சவாரி செய்யும் சோகோபோ பறவை வேண்டுமா, கதையில் அந்த இடம் வரை வர வேண்டும். டன்ஜன் (குழுவாகப் போய்ச் சண்டை போடும் இடம்), அடுத்த நகரம், ஹெவன்ஸ்வார்டிலிருந்து வரும் புது நிலங்களில் பறக்கும் வசதி, எல்லாமே அப்படித்தான். காசு கொடுத்துப் புது எக்ஸ்பான்ஷன் வாங்கினாலும் பழைய கதை முழுவதையும் முடிக்காமல் அந்த ஊரில் கால் வைக்க முடியாது. முகூர்த்தம் முடியாமல் பந்தி கிடையாது என்று ஒரு கல்யாண வீட்டில் பிடிவாதம் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி. முகூர்த்தமோ சில நூறு மணி நேரம்.

முதல் ஐம்பது லெவல்தான் பெரும்பாலோர் ஓடிப்போகும் இடம். நானும் இரண்டு முறை ஓடினேன். வெஸ்பர் பே என்று ஒரு குட்டித் துறைமுகம், அங்கே வேக்கிங் சாண்ட்ஸ் என்று ஒரு ரகசிய அலுவலகம். நம் சங்கத்துத் தலைவி மின்ஃபிலியா அங்கேதான் இருப்பார். அந்த ஊரில் டெலிபோர்ட் ஆகும் கல் கிடையாது. ஹொரைசன் என்ற ஊர் வரை டெலிபோர்ட் ஆகி, அங்கிருந்து மணல்காட்டில் ஓட வேண்டும். இல்லையென்றால் லிம்சா லொமின்சா போய்ப் படகு பிடிக்க வேண்டும். அலுவலகத்துக்குள் நுழைய ஒரு கதவு, அதற்கொரு லோடிங். தலைவி அறைக்கு இன்னொரு கதவு, இன்னொரு லோடிங். உள்ளே போனால் நாலு வரி பேசி, இன்ன ஊருக்குப் போ என்பார். போய் வேலையை முடித்தால் குவெஸ்டின் அடுத்த வரி, மறுபடி வேக்கிங் சாண்ட்ஸுக்குத் திரும்பு. தாலுகா ஆபீசுக்கு ஒரு சான்றிதழுக்காக அலைந்தவர்களுக்கு இந்த உணர்வு புதிதல்ல. அந்த ஹொரைசன் சாலையில் எந்தத் திருப்பத்தில் எந்தப் பாறை இருக்கிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அப்புறம் அந்த விருந்து. டைட்டன் என்ற மலை மாதிரியான எதிரியோடு மோதக் கிளம்பினால், முன்பு அவனை வீழ்த்திய படையின் பழைய ஆட்கள், 'இவன் தேறுவானா' என்று பார்க்க நம்மைச் சாமான் வாங்க அனுப்புவார்கள். ஒயின், சீஸ் என்று லிஸ்ட் நீளும். உலகம் அழியப்போகிறது, நாம் மளிகைக் கடைக்கு நடக்கிறோம். நான் தொடங்குவதற்கு முந்தைய மாதம் வந்த 5.3 என்ற அப்டேட்டில், அதாவது பேட்சில்தான், இந்த ஆரம்பக் கதையில் நிறைய குவெஸ்ட்களை வெட்டினார்கள். வெட்டிய பிறகே இந்த லட்சணம் என்றால், 2013-இல் ஆடியவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஏன் இப்படி ஆயிற்று என்று பின்னால்தான் புரிந்தது. 2010-இல் வந்த முதல் பதிப்பு தோற்றுப்போய், 2012 நவம்பரில் சர்வர்களையே மூடினார்கள். நவோகி யோஷிடா பொறுப்பேற்று மறுபடி கட்டியதுதான் 2013 ஆகஸ்டில் வந்த எ ரெல்ம் ரீபார்ன். அவசரத்தில் கட்டிய வீடு. முதல் எக்ஸ்பான்ஷனான ஹெவன்ஸ்வார்ட் 2015 ஜூனில் வந்தது. நடுவில் இருந்த கிட்டத்தட்ட இரண்டு வருடமும் சில மாதத்துக்கு ஒரு பேட்ச், பேட்சுக்குக் கொஞ்சம் கதை. அன்றைக்கு ஆடியவர்களுக்கு அது வாராந்திரத் தொடர்கதை. ஒரு மாலையில் முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். பின்னால் வந்த நமக்கோ அத்தனையையும் பைண்டு செய்து ஒரே மூச்சில் படி என்று நீட்டுகிறார்கள். அன்று நேரத்தைக் கடத்த வைத்த குவெஸ்ட்கூட இன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த வறண்ட பகுதியின் கடைசியில் இன்னொரு விருந்து வரும். யாருக்கும் கதையைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கை நடுங்கியது. அறையில் இருந்த எல்லோரையும் எனக்குத் தெரியும் என்பதுதான் காரணம். அவர்களுக்காகக் கடிதம் சுமந்திருக்கிறேன், அந்தச் சனியன் பிடித்த சாலையில் நூறு முறை ஓடியிருக்கிறேன். ஸ்கிப் செய்து வந்திருந்தால் அது வெறும் அனிமேஷன். 2019-இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸ் எக்ஸ்பான்ஷனில் எமெட்-செல்க் என்ற வில்லனின் துக்கம் நம்மைத் தொடுவதும் இப்படித்தான். அவன் பேசுவதன் பாரம் அதற்கு முன்னால் நாம் கடந்துவந்த மூன்று கதைகளில் இருக்கிறது.

இதெல்லாம் கதைப்பிரியனின் நியாயம். ஐந்து வருடம் ஆடிய பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

கதை கட்டாயம் என்பதால், 2013-இல் செய்த டன்ஜனுக்குள் இன்று ராத்திரியும் யாரோ ஒருவர் முதல்முறையாக நுழைகிறார். அவருக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். அதற்காக வைத்திருப்பதுதான் ரூலெட். தினம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்தினால் ஏதாவது ஒரு பழைய டன்ஜனில் நம்மைத் தூக்கிப் போடும், நம் லெவலை அந்த இடத்துக்கு ஏற்றபடி குறைத்துவிடும், பதிலுக்கு எக்ஸ்பீரியன்ஸும் மேல்லெவல் பொருள் வாங்கத் தேவையான டோம்ஸ்டோனும் தரும். பார்ட்டியில், அதாவது நம் குழுவில், புது ஆள் இருந்தால் மேற்கொண்டு போனஸ். அந்த போனஸ் அறிவிப்பைப் பார்த்ததும் பழைய ஆட்கள் ஹலோ சொல்வார்கள், புதியவர் கட்சீன், அதாவது கதை சொல்லும் படக்காட்சி, பார்த்து முடிக்கும்வரை பாஸ் என்ற பெரிய எதிரியின் வாசலில் நின்று ஆடிக்கொண்டிருப்பார்கள். நான் இருப்பது ஐரோப்பிய சர்வரில், இந்தியாவில் இவர்களுக்கு சர்வர் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு அங்கே சாயங்காலம். குழுவின் காயத்தை ஆற்றும் ஹீலராக நுழைந்தால் அநேகமாக உடனே பார்ட்டி கிடைத்துவிடும். கதை விருப்பம்தான் என்று விட்டிருந்தால் அந்த டன்ஜன்களில் காக்கைகூடப் பறந்திருக்காது. வேறு கேம்களில் அந்தக் காலி ஊர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் ஒரு விலை உண்டு. முதல் கதையின் கடைசியில் வரும் காஸ்ட்ரம் மெரிடியானம், பிரிட்டோரியம் என்ற இரண்டு இடங்களைப் பழைய ஆட்களிடம் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். எட்டுப் பேர் போக வேண்டும். ஒரு காலத்தில் பழையவர்கள் கட்சீனைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். புதியவர் படம் பார்த்துவிட்டு வந்தால் பாஸ் ஏற்கெனவே செத்துக் கிடக்கும். சரி என்று 2018-இல் கட்சீனை யாருமே ஸ்கிப் செய்ய முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். நான் அந்தக் காலத்தில்தான் அங்கே எக்ஸ்பீரியன்ஸுக்காகப் போய்க்கொண்டிருந்தேன். லிஃப்ட் மேலே ஏறும், எதிரித் தலைவர் பேச ஆரம்பிப்பார். நான் அடுப்படிக்குப் போய் தோசை ஊற்றி, திருப்பிப் போட்டு, சட்னி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் மனிதர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார். ஐம்பதாவது முறை பார்க்கும் ஏழு பேரும், முதல்முறை பார்க்கும் ஒருவரும். 2022 ஏப்ரலில் 6.1 பேட்சில் இரண்டையும் நாலு பேர் டன்ஜனாக மாற்றிச் சுருக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த ஏழு பேரும் சாட்டில் அடித்த அரட்டை எனக்குக் கொஞ்சம் ஏக்கம்தான்.

அதே பேட்சிலிருந்து பழைய கதை டன்ஜன்களுக்கு கம்ப்யூட்டர் ஆட்களையே துணைக்கு அழைத்துப் போகும் வசதியும் வர ஆரம்பித்தது. கூச்சப்படுகிறவர்களுக்கு, நெட் சுமாராக இருப்பவர்களுக்கு இது வரம். எனக்கு மட்டும் நெருடுகிறது. நாலு மணி நேரம் தனியாக வசனம் படித்துவிட்டு, மனிதர்களைப் பார்க்க இருந்த அந்த இருபது நிமிடத்தையும் தனியாகக் கழிக்கலாம் என்றால் ஆன்லைன் எதற்கு?

கிரிஸ்டல் டவர் கூத்தையும் சொல்ல வேண்டும். இருபத்து நாலு பேர் சேர்ந்து போகும் பழைய ரெய்டு. ஷேடோபிரிங்கர்ஸ் கதைக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் 5.3-இல் அதையும் கட்டாயம் ஆக்கினார்கள். விளைவு, எல்லோரிடமும் நிச்சயமாகத் திறந்திருப்பது அது ஒன்றுதான். இந்த வகை ரெய்டுக்கான ரூலெட்டை அழுத்தினால் பெரும்பாலும் அங்கேதான் போய் விழுவோம். பொங்கல் வைக்கிற வீட்டில் வருடம் முழுக்க பொங்கலே போட்ட கதை.

இனி என் சித்தி மகன். 2022-இல் என் பேச்சைக் கேட்டு டிரையலில் நுழைந்தான். நான் அப்போது லெவல் 90, அவன் 12. "அண்ணே வா, சேர்ந்து ஆடலாம்" என்றான். டிரையல் கணக்கில் பார்ட்டி தொடங்க முடியாது, அதனால் நான் அழைத்தேன். கிரிடானியா காட்டில் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் குவெஸ்ட், ஒரு ஆளிடம் பேசுவது. பேசினான். அவன் தலைக்கு மேல் கட்சீன் பார்ப்பதைக் காட்டும் சின்னம் வந்தது. நான் புல்லில் நின்று கை தட்டினேன், குட்டிக்கரணம் அடித்தேன். சின்னம் போனது. அடுத்த குவெஸ்ட், இன்னொரு ஆளிடம் பேசுவது. மறுபடி சின்னம். அதற்கடுத்தது சண்டைதான், ஆனால் தனியாகப் போக வேண்டிய சண்டை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தில் நாங்கள் நிஜமாகவே சேர்ந்து ஆடியது சஸ்டாஷா டன்ஜனில் இருபது நிமிடம். அதிலும் லெவல் குறைந்து என் வித்தை பாதி காணாமல் போய்விட்டது.

அவனோடு ரெய்டு போக வேண்டும் என்றால் அவன் நாலு எக்ஸ்பான்ஷன் கதையை முடித்திருக்க வேண்டும். பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். டைட்டன் விருந்துக்குச் சீஸ் கேட்ட இடத்தில், "இதுக்காண்ணே இவ்வளவு தூரம்?" என்று மெசேஜ் போட்டான். அதோடு நிறுத்திவிட்டான். அவன்மேல் தப்பே இல்லை. நண்பர்களோடு சேர்ந்து ஆட ஒரு கேம் தேடுகிறவர்களிடம் இதை நான் சிபாரிசு செய்வதில்லை. கட்டாயக் கதை முகம் தெரியாதவர்களை ஒரே பாதையில் சேர்த்து நடக்க வைக்கிறது, தெரிந்தவர்களையோ ஆளுக்கொரு மைல்கல்லில் நிறுத்திவிடுகிறது.

ஸ்கிப் இல்லாமல் இல்லை. 2017-இல் ஸ்டார்ம்பிளட் எக்ஸ்பான்ஷன் வந்த சமயத்திலிருந்து கதையைத் தாண்டவைக்கும் பொருளைக் காசுக்கு விற்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. கதைதான் உயிர் என்று சொல்லிக்கொண்டே அதைப் படிக்காமலிருக்கவும் கட்டணம். வாங்கிப் போனவர்களும் மேலே போய், "இந்த ஆள் ஏன் அழுகிறார்?" என்று சாட்டில் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரையும் ஒரே வாசல் வழியாக அனுப்பினால் நெரிசலும் வரும். ஸ்டார்ம்பிளட் வெளியான நாளில், கதையின் ஆரம்பத்திலேயே ரவுபான் என்ற பாத்திரத்திடம் பேசித் தனிச்சண்டைக்குள் போகும் குவெஸ்டில் சர்வர் திணறி, ஆயிரக்கணக்கானோர் அவர் முன்னாலேயே நின்றார்கள். கடினமான பாஸ்களுக்கு வைக்கும் பெயரில் 'ரவுபான் எக்ஸ்ட்ரீம்' என்று இன்றும் கிண்டல் உண்டு. 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் எக்ஸ்பான்ஷனுக்குக் கூட்டம் தாங்காமல் சில வாரம் கேம் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். கதை முடிவைப் பார்க்க சந்தா நிறுத்தியவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள், நான் உட்பட.

எதிர்த்திசையில் போன கேமும் ஆடிப் பார்த்தேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2016 அக்டோபரிலிருந்து எந்த ஊரிலும் எந்த வரிசையிலும் தொடங்கலாம். முதல் நாளே நண்பனோடு கை கோத்துப் போகலாம். ஒரு மாதம் சந்தோஷமாகச் சுற்றினோம். இன்று யோசித்தால் அதில் ஒரு பாத்திரத்தின் பெயர்கூட எனக்கு நினைவில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு: டிரையலிலேயே இருங்கள். 2023 அக்டோபரிலிருந்து ஸ்டார்ம்பிளட்டும் சேர்ந்து லெவல் 70 வரை இலவசம். கில் என்ற கேம் காசை மூன்று லட்சத்துக்கு மேல் சேர்க்க முடியாது, மார்க்கெட் கிடையாது, ஆடுகிறவர்களின் சங்கத்தில் சேர முடியாது. பரவாயில்லை, கதைக்கு இவை எதுவும் வேண்டாம். ஒருமுறை வாங்கிவிட்டால் அந்தக் கணக்கில் டிரையலுக்குத் திரும்ப முடியாது, எனவே அவசரப்படாதீர்கள். பக்க குவெஸ்ட் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம், நீல நிறத்தில் கூட்டல் குறி போட்டவை மட்டும் புதிதாக எதையாவது திறக்கும். எரிச்சல் வந்தால் மூடிவிட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள். கதை எங்கும் ஓடிப்போகாது.

சித்தி மகன் வேலைக்குச் சேர்ந்த பிறகு, போன மழைக்காலத்தில் தானாகவே மறுபடி தொடங்கினான். என்னிடம் சொல்லக்கூட இல்லை. நண்பர் பட்டியலில் அவன் பெயர் எரிவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஹெவன்ஸ்வார்டின் கடைசிப் பகுதியில் இருந்தான். சந்தோஷத்தில், "ரூலெட் போகலாமாடா, ஹீலரா வரேன்" என்று போட்டேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது:

"இருண்ணே. கட்சீன் ஓடுது."