ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் சோதனை என்றார், ஆறில் கை வைத்துவிட்டார்

மண்டபத்தில் இறால், நண்டு, கணவாய் வாங்கி அனுப்பும் கம்பெனியில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. பாம்பனிலும் தொண்டியிலும் கிளை உண்டு. புது பில்லிங் மென்பொருளை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்பித் தருகிறேன் என்று வெளியூர் ஆள் ஒருவர் 18,000 ரூபாய் வாங்கினார். இதே வேலைக்காக இந்தக் கரையில் வேறு கம்பெனிகளிடமும் பேசிக்கொண்டிருக்கிறாராம், அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 15-ல் தொடங்கிய தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து, 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும் முதல் காலை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூடை கூடையாகச் சரக்கு இறங்குகிறது, ஐஸ் உடைக்கிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது, அந்த நேரத்தில் எடை போடும் இடத்தில் இருந்த ஐந்து கம்ப்யூட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்து மறுபடி எழுந்தன. பழைய பில்லிங்கைக் காணோம். சர்வருக்குப் போய்ச் சேராத அன்றைய எடைக் கணக்கும் அதோடு போய்விட்டது. "என்னப்பா, என் நண்டு எடை எங்க?" என்று ஒரு படகுக்காரர் கேட்டார். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்துவிட்டு அவர் கொண்டுவந்த முதல் சரக்கு அது.

ஆளுக்குப் போன் போட்டால் முதலில் வைரஸ் என்றார். அப்புறம், உப்புக்காற்றில் உங்கள் கேபிள் அரித்துப்போயிருக்கிறது என்றார். இந்த ஊரில் அது நடக்கக்கூடியதுதான், நம்பி இன்னொரு 6,000 கொடுத்தேன்.

மறுநாள், மென்பொருளை அனுப்ப அவர் வைத்திருந்த டூல் என்னென்ன செய்தது என்று குறித்துவைக்கும் பதிவைத் திறந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பவை, இங்கே தமிழில் தருகிறேன். சோதனைக்கு ஆபீசில் இருக்கும் மண்டபம்-1 மட்டும் என்றுதான் பேச்சு. கம்ப்யூட்டர் பெயரைப் பிடிக்க அவர் ரெஜெக்ஸில், அதாவது எந்த எழுத்துகளைத் தேட வேண்டும் என்று சொல்லும் குறிமுறையில், எழுதியிருந்தது வெறும் மண்டபம்-1. எங்களிடம் 14 வரை இருக்கிறது. ரெஜெக்ஸ் முழுப் பெயரும் அதுதானா என்று பார்க்காது, பெயருக்குள் எங்காவது அது இருக்கிறதா என்றுதான் பார்க்கும். மண்டபம்-10 முதல் 14 வரை எல்லாவற்றிலும் அது இருக்கிறதே! ^மண்டபம்-1$ என்று எழுதியிருந்தால் போதும், முன்னால் இருப்பது பெயரின் தொடக்கம், பின்னால் இருப்பது முடிவு. இரண்டே குறி. வைரஸும் இல்லை, கேபிளும் இல்லை.

அதைவிட எனக்கு நடுங்கியது அன்றிரவு ஓடுவதற்காக அவர் வைத்திருந்த அடுத்த வரி: ^தொண்டி|பாம்பன்-[0-9]$. இரண்டு ஊரிலும் 0 முதல் 9 வரை ஓரிலக்க எண் உள்ள கம்ப்யூட்டர்கள் என்று நினைத்து எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் நிற்கும் | கோடு 'அல்லது' என்று பொருள்பட்டு மொத்த வரியையும் இரண்டாக வெட்டிவிடும், தொண்டி என்று தொடங்கும் எந்தப் பெயரும் சிக்கும், தொண்டி-சர்வர் உட்பட. ஊர்ப்பெயர்களை அடைப்புக்குறிக்குள் ^(தொண்டி|பாம்பன்)-[0-9]$ என்று போட்டிருக்க வேண்டும். நல்லவேளை, நிறுத்திவிட்டேன்.

தப்பு யாருக்கும் வரும், அதற்காக நான் கோபப்படவில்லை. தன் தப்பு என்று தெரிந்தும் எங்கள் கேபிளின் மேல் பழி போட்டு அதற்கும் பணம் வாங்கினார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. பதிவைக் காட்டியதும் "சார், டூல் அப்படித்தான் வேலை செய்யும்" என்றவர், அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை.

யாரை வைத்துச் செய்தாலும் சரி, அனுப்பும் முன் அந்த வரியில் சிக்கும் பெயர்களை மட்டும் பட்டியலாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. ஒன்று என்று சொன்ன இடத்தில் ஆறு பெயர் வந்தால் கம்ப்யூட்டர் தெரியாதவருக்கும் கண்ணில் படும். சரக்கு இறங்கும் காலையில் எதையும் அனுப்ப விடாதீர்கள்.

அந்த இரண்டு வரிகளும் பதிவும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. இந்தப் பக்கம் அவரிடம் முன்பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் மண்டபம் வந்து பாருங்கள், காட்டுகிறேன். நண்டுக்காரருக்கு அவர் சொன்ன எடைக்கே பணம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு படகின் கணக்கு தீரவில்லை.