பாலைவன மாயக்கதையில் நாடோடிகளின் தலைவராக யாரை வைப்பது: அமெனோகலா, ஷேக்கா?

பாலைவன நாடோடிகளை வைத்து மாயக்கதை எழுதுபவர்கள் தலைவர் பதவியைப் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நிஜப் பாலைவனம் இதைவிட வளமானது.

அரபு நாடோடிகளான பெதூயின்களின் குலத்தலைவரான ஷேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பதவி தந்தைவழிக் குடும்பத்துக்குள்தான் சுற்றும். சிரியப் பாலையின் ருவாலா குலத்தில் அது ஷாலான் குடும்பத்துக்கு உரியது. ஆனால் மூத்த மகன் என்பதாலேயே கிடைத்துவிடாது. விருந்தோம்பலும் வழக்குத் தீர்க்கும் திறனும் பார்க்கப்படும். அவர் ஆணையிடுவதைவிடப் பேசி இணங்கவைப்பதே அதிகம்.

சகாராவில், இன்றைய தெற்கு அல்ஜீரியாவின் அஹக்கார் மலைப்பகுதியில், துவாரெக் என்ற நாடோடி மக்களின் மரபுவழித் தலைவர் அமெனோகல். இங்கே உரிமை தாய்வழியில் வரும். சொந்த மகனுக்கு அல்ல. தம்பிக்கோ, அக்கா தங்கை மகனுக்கோ போகும். தகுதியுள்ள பலரிலிருந்து ஒருவரைக் குலங்கள் தேர்ந்தெடுக்கும். அதிகாரத்தின் அடையாளம் கிரீடம் அல்ல, எத்தெபெல் என்ற முரசு. அப்புறம் தின் ஹினான்! அஹக்கார் உயர்குடியினர் தங்கள் ஆதித்தாயாகக் கொண்டாடும் அரசி. அதே பகுதியின் அபலெஸ்ஸாவில் அவளுடையதாகச் சொல்லப்படும் கல்லறையை 1925இல் தோண்டியபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடே கிடைத்தது. எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

கதைக்கு நான் அமெனோகலையே எடுப்பேன். தலைவனின் மகன் வாரிசு இல்லை, தலைவனின் சகோதரி மகன்தான் வாரிசு என்ற ஒரே விதியில் எத்தனை பாசமும் பகையும் விளையும்! அறிவுக்கூர்மையுள்ள ஒரு சகோதரியின் கூடாரமே அரசியலின் மையமாகிவிடும். பல குலங்களுக்கு நடுவே சமரசம் பேசும் கதை என்றால் மட்டும் ஷேக் பொருந்துவார்.